கஞ்சி போட்ட ஃபிளானல்

நவம்பர் 6

டூர் டைரி எழுதிப் பழகிய கை சும்மா இருப்பதில்லை. சுகாதாரக் கல்வி அலுவலராக இருந்த காலத்தில் எந்த ஊருக்குப் போனேன், கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், என்ன பேசினேன் என்று தினமும் எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இப்போது என் டூர் எல்லாம் அடுப்படியிலிருந்து இவர் கட்டில் வரை, கட்டிலிலிருந்து கிணற்றடி வரை. கையெழுத்துப் போட ஆளில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆவணியில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் தங்கிவிட்டது: "சரி." பசிக்கிறதா என்றால் சரி. பசியில்லையா என்றாலும் சரி. கோபம் வந்தால் "சரி சரி சரி" என்று கத்துகிறார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் சரி சொல்லாத மனிதர்.

கோயமுத்தூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் போன வாரம் சொன்னாள். "நாம பேசுறது அவருக்குப் புரியுதுங்கம்மா. திருப்பிச் சொல்லத்தான் வரல. படம் ஏதாச்சும் குடுத்து, எடுத்துக் காட்டச் சொல்லுங்க."

படம் என்றதும் பரண் ஞாபகம் வந்தது. இன்று ஸ்டூல் போட்டு ஏறித் தகரப் பெட்டியை இறக்கினேன். உள்ளே எங்கள் ஃபிளானல் பலகை, பிரவுன் கவரில் படங்கள், எல்லாம் பத்திரமாக இருந்தன. பெட்டியை இறக்கியதும் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தூசி மூச்சை அடைத்துவிட்டது.

நவம்பர் 7

பலகையைக் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்தேன். பார்த்த மாத்திரத்தில் இவர் முகம் மாறிவிட்டது. மாறாதா? அத்தனை படமும் இவர் வரைந்தவை. மாவட்ட சுகாதார அலுவலகத்தில் ஆர்ட்டிஸ்ட். கிணறு, ஈ, பானை, முட்டை, முருங்கைக்கீரை, ஊசி, ஜீப், சிவப்புச் சிலுவை போட்ட ஆஸ்பத்திரி, டம்ளர், வீடு, குழந்தை, பெண், ஆண் என்று அட்டையில் வரைந்து வெட்டி, முதுகில் உப்புத்தாள் ஒட்டியிருப்பார். பலகையில் சாம்பல் நிற ஃபிளானல் துணி. அட்டையைத் துணிமேல் வைத்து அழுத்தி, ஒரு நெல் அகலம் கீழே இழுத்துவிட வேண்டும். துணியின் முடியெல்லாம் உப்புத்தாள் மணலைப் பிடித்துக்கொள்ளும். பசை கிடையாது, ஆணி கிடையாது. எடுக்கும்போது கீழ் ஓரத்தைத் தூக்கினால் தானாகக் கையோடு வரும்.

இடது கையால் படங்களைக் கிளறினார். டம்ளரை எடுத்து ஒட்டினார். அழுத்தி, கீழே இழுத்து, முறைப்படி.

"டீ வேணுமா?"

"சரி."

டீ போட்டுக் கொடுத்தேன். ஆவணிக்குப் பிறகு இவர் கேட்டு நான் கொடுத்த முதல் டீ. அடுப்படிக்குப் போய் அழுதேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன், அதையும் குடித்தார்.

நவம்பர் 8

இன்று முட்டை ஒட்டினார். அவித்துக் கொடுத்தேன். பிறகு ஈயை ஒட்டி ஜன்னலைக் காட்டினார். ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாராம். ஆர்ட்டிஸ்ட் புத்தி.

நவம்பர் 10

இன்று பெண்ணை ஒட்டினார். பக்கத்தில் ஆஸ்பத்திரியை ஒட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடலூரை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அதை எழுதாமல் இருக்க முடியாது. நான் வேலையில் சேர்ந்த புதிது. கூடலூர் ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் கர்ப்பிணிகள் கூட்டம். ஒரே மூடுபனி. "கர்ப்பம் தரித்த தாய் முதல் மாதமே பதிவு செய்ய வேண்டும்" என்று ஆரம்பித்துப் பெண் படத்தை ஒட்டினேன். நின்றது. ஊசியை ஒட்டினேன், நின்றது. குழந்தையை ஒட்டியதுதான் தாமதம், பொத்தென்று விழுந்தது. எடுத்து ஒட்டினால் மறுபடி விழுந்தது. பின்னாலேயே தாயும் விழுந்தாள். முன்வரிசையில் இருந்த ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண், "ஏனுங்க டீச்சர், பெத்தது பூராத்தையும் இப்படிக் கீழ போட்டா எப்படிங்க?" என்று கேட்க, கூட்டமே உருண்டு சிரித்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அப்போதுதான் இவர் வேனிலிருந்து இறங்கி வந்தார், கையில் செருப்புக்குப் போடும் பிரஷ்ஷுடன்.

"பனியில முடி படிஞ்சு போச்சுங்க மேடம். கீழயிருந்து மேல தேச்சு நிமித்தி விடணும். கொஞ்சம் தள்ளுங்க."

தேய்த்தார். பலகையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார். குழந்தையை ஒட்டினார். நின்றது. நான் நன்றி சொல்லவில்லை. வேறொன்றைக் கவனித்துவிட்டேன். அந்தப் பெண் படத்துக்கு என் மூக்கு. வலப்பக்கம் ஒற்றைக்கல் மூக்குத்தி. நெற்றியில் என்னைப் போலவே அடங்காத ஒரு சுருள் முடி. நான் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் மாவட்டம் முழுக்க என்னைக் கர்ப்பிணியாக்கிவிட்டிருந்தார்.

"இது யாரைப் பாத்து வரைஞ்சீங்க?" என்றேன்.

"பொதுவா ஒரு பெண்ணுங்க" என்றார், முகத்தை வேன் பக்கம் திருப்பிக்கொண்டு.

அந்தப் பொதுவான பெண்தான் இப்போது இவருக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறாள். படத்தைக் காட்டி, "கூடலூர்தானே?" என்று கேட்டேன். "சரி சரி" என்றார். தலையை இல்லை என்று ஆட்டியது போலவும் இருந்தது. கழுத்து வலியாக இருக்கும்.

நவம்பர் 11

மறுபடி பெண், ஆஸ்பத்திரி. மாதவிடாய் நின்ற பிறகு கர்ப்பம் தரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, துணி துவைக்கப் போனேன்.

நவம்பர் 13

சந்தைக்குப் போய் வந்தேன். தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஏறும்போது பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து மலையைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை, நல்ல காட்சிதான். வீட்டுக்கு வந்தால் ஸ்வெட்டர் முழுக்க ஒட்டுமுள். வேலைக்கு வரும் ருக்கி ஒவ்வொன்றாகப் பிய்த்தாள்.

"கோத்தகிரியில இருக்கிற முள்ளு எல்லாம் உங்க மேலதாம்மா."

கம்பளி அப்படித்தான், எது வந்தாலும் பிடித்துக்கொள்ளும் என்றேன். ருக்கி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏம்மா இந்தக் குளிர்ல இப்படி வேர்த்திருக்கு?" ஏற்றம், பை கனம் என்றேன். இரண்டு கிலோ உருளைக்கிழங்கு.

இடது தோள் வலிக்கிறது. பையை அந்தத் தோளில் மாட்டியிருக்கக் கூடாது.

நவம்பர் 15

இன்றும் அதே இரண்டு படம். இந்த முறை ஆஸ்பத்திரிப் படத்தை விரலால் குத்திக் குத்திக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடலூரும் இல்லை ஒன்றும் இல்லை, இவருக்கு உடம்புக்கு முடியவில்லை. மனிதர் வலியைச் சொல்ல வழியில்லாமல் அஞ்சு நாளாகப் படம் காட்டுகிறார், நான் பழைய கதை பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டோ வைத்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரத்த அழுத்தம் பார்த்தார், மார்பு பார்த்தார், கால் வீக்கம் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். இவர் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் முழுக்க இடது கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்து டாக்டர் பக்கம் இழுத்தார். "சரி சரி சரி" என்று சத்தம் வேறு. இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"பயப்படுறார் போல" என்றார் டாக்டர். பிறகு, "நீங்க எப்படிம்மா இருக்கீங்க? மூச்சு வாங்குதே?" என்றார்.

"சக்கர நாற்காலியைப் படியேத்திப் பாருங்க டாக்டர், உங்களுக்கும் வாங்கும்" என்றேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் இவர் அழுதார். ஏன் என்று கேட்டேன். சரி என்றார்.

நவம்பர் 16

கஞ்சிக் கிண்ணத்தைப் பலகை மேல் தட்டிவிட்டார். வேண்டுமென்றே தட்டினார் என்று சொல்ல மாட்டேன். துணியைக் கழற்றி வாளியில் போட்டேன். வாளியில் இருப்பதை எல்லாம் முடித்துவிடும்படி ருக்கியிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன். வாயுத் தொல்லை. பெருங்காயத் தண்ணீர் குடித்தேன்.

நவம்பர் 19

துணி காயவே மூன்று நாள் ஆயிற்று. வெயில் என்பதே கிடையாது. ருக்கியே பலகையில் மாட்டிவிட்டாள். நான் படுத்திருந்தேன்.

நவம்பர் 20

இன்று நடந்ததை எழுதவே பிடிக்கவில்லை.

இவர் பெண்ணை ஒட்டினார். விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஒட்டினார். விழுந்தது. ஆஸ்பத்திரி விழுந்தது. டம்ளர் விழுந்தது. கை நடுங்குகிறது, அழுத்தத் தெரியவில்லை, எப்படி ஒட்டுவது என்பதே மறந்துவிட்டது என்று எனக்குத் தோன்றிற்று. உலகத்துக்கே இதைக் கற்றுக்கொடுத்த கை. நான் ஒட்டிக் காட்டலாம் என்று எழுந்தேன், அதற்குள் படங்களை வாரி வீசிவிட்டார். முட்டை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ஆஸ்பத்திரி அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆட்டினார்.

"போதும்" என்றேன். "போனோம், பாத்தோம், ஒண்ணும் இல்லைன்னுட்டார். இன்னும் என்ன?"

அவர் என்னைப் பார்த்த பார்வை அப்படியே நிற்கிறது. ஒரு நல்ல மனிதரை மூடன் மாதிரி நடத்தினால் அப்படித்தான் பார்ப்பார்.

மகன் திருமூர்த்தி ஓசூரிலிருந்து பேசினான். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று சொன்னேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான். பிறகு, "நீ எப்படிம்மா இருக்கே? செக்கப் போனியா?" என்றான். அவன் எப்போதும் கேட்பான். "போவேன்" என்றேன். நானும் எப்போதும் சொல்வேன்.

நவம்பர் 21

பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

நவம்பர் 22

உப்புமா. மழை.

நவம்பர் 23

இவர் படம் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. டீயை நானாகவே கொடுக்கிறேன். இந்த வீடு இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது.

கிணற்றடியிலிருந்து வாளி தூக்கி வரும்போது இரண்டு இடத்தில் நின்றேன்.

நவம்பர் 25

கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது பலகை சரிந்து என் கையில் விழுந்தது. துணி என் விரலில் பட்டதும் திடுக்கிட்டேன். மழமழவென்று விறைப்பாக இருந்தது. நகத்தால் சுண்டினால் அப்பளம் மாதிரி சத்தம்.

"ருக்கி, இதை என்ன செஞ்சே?"

"துவைச்சேம்மா. உங்க புடவையோட சேத்துக் கஞ்சி போட்டு இஸ்திரியும் பண்ணினேன். வாளியில இருக்கிறதை எல்லாம் முடிச்சிடுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். கஞ்சி போட்ட பருத்திப் புடவையில்தான் நான் வேலைக்குப் போவேன், விறைப்புக் கலைந்தால் எனக்கு ஆகாது. அந்த ஆசை இப்போது இவர் வாயை அடைத்துவிட்டது.

பயிற்சி வகுப்பில் எத்தனை பெண்களுக்குச் சொல்லியிருப்பேன். ஒரு முடியால் ஒன்றையும் தாங்க முடியாது. ஆயிரம் முடி ஆளுக்குக் கொஞ்சம் பிடித்தால்தான் அட்டை நிற்கும். அதற்கு ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டால் அவை வேறு எதையும் பிடிக்காது. ஃபிளானலுக்கு இஸ்திரி கூடாது, கஞ்சி கூடவே கூடாது. பலகையின் பின்பக்கம் என் கையெழுத்தில் எழுதியே ஒட்டியிருக்கிறேன்.

இவருக்கு ஒன்றும் மறக்கவில்லை. அஞ்சு நாள் இவரை மறதிக்காரர் என்று வைத்திருந்தேன். மகனிடமும் சொல்லிவிட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "துணிக்குக் கஞ்சி போட்டுட்டோங்க. உங்க மேல தப்பில்லை" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். இடது கையால் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், கஞ்சி விடவில்லை. மறுபடி துவைத்தால் காய்வதற்குள் மார்கழி வந்துவிடும்.

நவம்பர் 26

ருக்கிதான் வழி சொன்னாள். "அந்த ஓசூர்க் கம்பளியைப் போட்டுப் பாருங்களேன்மா."

மருமகள் சுகன்யா போன தீபாவளிக்கு வாங்கி வந்தது. ரோஜாப் பூ போட்ட, புசுபுசுவென்று முடி வைத்த கம்பளி. பூனையைப் போர்த்திக்கொண்டு தூங்குவது மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் பிரிக்காமலே வைத்திருந்தேன். சுகன்யா காதில் அது விழுந்திருக்கும், அவள் முகம் அன்று வாடிப்போயிற்று. இன்று அதை எடுத்துப் பலகையில் சுற்றிப் பின்னால் ஊக்கு குத்தினேன்.

முதல் படத்தை நானே வைத்தேன். அரசாங்க ஃபிளானல் அப்படிப் பிடித்ததே இல்லை. ஆட்டினேன், விழவில்லை. பலகையைத் தலைகீழாகத் திருப்பினேன், அப்போதும் விழவில்லை. இவர் சிரித்தார். ஒரு பக்க வாய்தான் சிரிக்கும், அதுவே போதும்.

சுகன்யாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அத்தை, நிஜமாவா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

நவம்பர் 27

காலையில் டம்ளர். பிறகு முட்டை. பிறகு, எனக்குத் தெரியும், பெண்ணும் ஆஸ்பத்திரியும்.

நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். "போயிட்டு வந்தோமேங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாரு" என்றேன், கோபமில்லாமல்.

தலையை ஆட்டினார். இல்லை என்றுதான் ஆட்டினார், கழுத்து வலி இல்லை. ஆஸ்பத்திரி அட்டையின் கீழ் ஓரத்தைத் தூக்கிக் கம்பளியிலிருந்து எடுத்தார். கிட்டே வா என்று கை காட்டினார். குனிந்தேன். அட்டையை என் ஸ்வெட்டரில், நெஞ்சுக்கு நேரே வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். ஒரு நெல் அகலம் கீழே இழுத்துவிட்டார்.

ஒட்டிக்கொண்டது.

எனக்கு விளையாட்டாகத்தான் பட்டது. "நானா பலகை?" என்று சொல்லிவிட்டு, அப்படியே அடுப்படிக்குப் போய்விட்டேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. வெங்காயம் நறுக்கினேன். பால்காரர் ஆரியின் மனைவி பாத்திரம் வாங்க வந்தவள், "என்னங்க நெஞ்சுல ஆஸ்பத்திரியக் குத்தியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

குனிந்து பார்த்தேன். ஓட்டுக் கூரை, சிவப்புச் சிலுவை, வாசலில் ஒரு செம்பருத்திச் செடி. நகர்ந்தேன், குனிந்தேன், நிமிர்ந்தேன், அது விழவில்லை. இடது கையில் அந்த வலி இருந்தது. அங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை, அது தாடை வரைக்கும் ஏறியது. நெற்றியில் வேர்வை. அடுப்பைக் குறைத்தேன்.

அப்போது எல்லாம் வரிசையாக வந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தேனே, அதை இவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாளியோடு நான் நின்ற இரண்டு இடமும் இவர் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. பெருங்காயத் தண்ணீர் குடித்ததையும் பார்த்தார். அந்த டாக்டரிடம் என் தலைப்பைப் பிடித்து இழுத்தார். பெண் படத்துக்கு யார் மூக்கு என்று எனக்குத் தெரியாதா? அவர் பெண்ணை ஒட்டினார், ஆஸ்பத்திரியை ஒட்டினார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்ல முடியும்? நெஞ்சு வலி, இடது கை வலி, வேர்வை, மூச்சிரைப்பு, உடனே ஆஸ்பத்திரி என்று இதே பலகையில் நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்போது ஆண் படத்தைத்தான் ஒட்டுவேன்.

பயமாக இருந்தது. ஆட்டோ வருவதற்குள் இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

அறைக்குப் போனேன். இவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கா?" என்றேன்.

இவர் கண்ணில் நீர் வழிந்தது.

"ருக்கியை இங்க இருக்கச் சொல்லிட்டு இப்பவே போறேன். திருமூர்த்திக்கும் சொல்லிடறேன். சரியா?"

"சரி" என்றார். மெதுவாக, ஒரே ஒரு தடவை.

டிசம்பர் 1

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. கோத்தகிரியில் பார்த்துவிட்டு அன்றே இங்கே அனுப்பிவிட்டார்கள். இரண்டு இடத்தில் அடைப்பாம், குழாய் வைத்துத் திறந்திருக்கிறார்கள். நேற்றுத்தான் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். டைரி கேட்டேன், திருமூர்த்தி கொண்டுவந்தான்.

நெஞ்சு முழுக்கப் பிசின் வட்டங்கள், ஒயர்கள். இன்று காலை நர்ஸ் அதை நேராகப் பிடித்து இழுத்தாள், தோலே வந்துவிடும் போலிருந்தது.

"நேரா இழுக்காதம்மா. ஓரத்தைத் தூக்கு, பின்னால மடக்கு, தானா வரும்."

அவள் அப்படியே செய்தாள். வலிக்கவில்லை. "எங்கே கத்துக்கிட்டீங்கம்மா?" என்றாள். "கூடலூர்ல" என்றேன்.

என் ஸ்வெட்டரை ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அந்த அட்டை இன்னும் அதில்தான் இருக்கிறதாம். ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், இறக்கினார்கள், கழற்றினார்கள், விழவில்லை.

டிசம்பர் 3

சுகன்யா கோத்தகிரியில் இவரைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் அனுப்பிய போட்டோவோடு திருமூர்த்தி கைபேசியை நீட்டினான். "அப்பா காலையில இருந்து இந்த மூணு படத்தையே வெச்சிட்டு எடுக்க விடமாட்டேங்கிறாராம். சுகன்யாவுக்குப் புரியலை. உனக்குப் புரியுதான்னு கேக்கறா."

ரோஜாப் பூக் கம்பளி. இடப்பக்கம் ஜீப். வலப்பக்கம் வீடு. நடுவில் அந்த மூக்குத்திப் பெண், ஆனால் வேறு படம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் பெண். கையில் ஒரு கைக்குழந்தை.

சிரித்தேன். சிரித்தால் நெஞ்சு வலிக்கிறது, இருந்தாலும் சிரித்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா எட்டிப் பார்த்தாள். வீடு திரும்பும் பெண்ணுக்குப் பெட்டியில் இதைத் தவிர வேறு படம் கிடையாது. எங்கள் பிரச்சாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன பெண் யாராக இருந்தாலும் பிள்ளையோடுதான் திரும்பி வருவாள். இந்த வயதில் நானும் அப்படித்தான் வர வேண்டுமாம்.

"என்னம்மா சொல்றார்?" என்றான் திருமூர்த்தி.

"வீட்டுக்கு வரச் சொல்றார்."

"என்ன பதில் சொல்லட்டும்?"

"சரின்னு சொல்லு."